இரண்டு கேமராவும் ஒரு மேலப்பாளையம் கல்யாணமும்

இரண்டு புடவைக்கு நடுவில் ஒரு மத்தியானத்தையே தொலைக்கிறவள் நான். என் வீட்டுக்காரர் அதற்குப் பயந்தே ஜவுளிக்கடைக்குள் வராமல் வெளியில் டீ குடித்துக்கொண்டு நிற்பார். இப்படிப்பட்டவளிடம் ஷைனி இரண்டு கேமராக்களைக் கொடுத்து, "பத்து நாள் வச்சுக்கோ. ஒண்ணை எடுத்துக்கோ, இன்னொண்ணைத் திருப்பிக் கொடு" என்று சொல்லிவிட்டாள்.

ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் மலையாளிப் பெண் ஷைனி. பத்து வருடமாகக் கல்யாணம், பிறந்தநாள் என்று படமெடுத்தவள். முதுகு வலி வந்து தொழிலை விடுகிறாள். மூன்று வருடம் அவளுக்கு லைட் பிடித்துக்கொண்டு பின்னால் அலைந்த நான் இனி தனியாகத் தொழில் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கேமரா போதும். எது என்பதுதான் கேள்வி.

சின்னது கைக்கு அடக்கமான மிரர்லெஸ். கைப்பையில் சாவிக்கொத்து, பேனா, தைலம் இவற்றோடு அதுவும் கிடக்கும். பெரியது ஃபுல் ஃப்ரேம். படமும் வீடியோவும் ஒரே தரத்தில் எடுக்கும் என்பதால் ஹைப்ரிட் என்கிறார்கள். லென்ஸை மாட்டினால் ஒரு நடுத்தரப் பூசணிக்காயின் கனம். நோட்டில் நடுவே கோடு கிழித்து எழுதினேன். சின்னது: கனமில்லை, சத்தமில்லை, யாரும் மிரள மாட்டார்கள், ஆனால் வெளிச்சம் குறைந்தால் படம் மணல் தூவின மாதிரி வருகிறது. பெரியது: மங்கலான மண்டபத்திலும் முகம் தெளிவு, குரல் சுத்தம். ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டுகளில் பதியும், ஒன்று கெட்டாலும் இன்னொன்றில் அதே படம் இருக்கும். கடைசி வரியை ஷைனிதான் சொன்னாள். "இதுக்காகவே பெரியதை எடுக்கலாம்" என்றாள். அடிக்கோடு போட்டுவைத்தேன்.

அந்த வாரம்தான் கீழ்த்தளத்துத் தையல்காரர் காதர் பாய் படியேறி வந்தார். திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரர். என் மகளின் பள்ளிச் சீருடைக்கு மடிப்பு அடித்துத் தருகிறவர். அவருடைய ஒரே மகள் ரிஸ்வானாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலை மாறியதில் புது விசா இன்னும் கைக்கு வரவில்லை. அது வராமல் அவர் ஊருக்குக் கிளம்ப முடியாது.

"நீங்க உங்க ஊரு கோயம்புத்தூருக்குப் போறியளாமே. அப்படியே ஒரு எட்டு எங்க ஊருக்கும் போயிட்டு வரணும்" என்றார். கோயம்புத்தூரிலிருந்து திருநெல்வேலி ஒரு எட்டுத் தூரம் என்பது அவர் கணக்கு. "பொம்பளையாளுவ பக்கம் ஆம்பளை போட்டோக்காரன் போவ முடியாது பாத்தியளா. வீடியோ கால்ல பாத்துக்கிடும்னு எல்லாரும் சொல்லுதாவ. அதுல எம்மவ மொகம் கட்டங்கட்டமால்லா தெரியும். பேசுத குரலு அந்து அந்து விழும். எனக்கு எம்புள்ளைய முழுசாப் பாக்கணும்மா."

மறுநாள் அவர் மனைவி ஜுலைகா போனில் வந்தார். குரலில் மரியாதையும் கண்டிப்பும் சரிபாதி. "படம் எடுக்கதுக்கு எங்க ஆளுவள சம்மதிக்க வச்சிருக்கேன். ஒரே ஒரு பேச்சுதான். போவும்போது கார்டைக் கழட்டி எங்கையில தந்துட்டுப் போயிரணும். உங்கட்ட ஒரு படம் தங்கப்படாது. எதை அவங்களுக்கு அனுப்பணும்னு நான் பாத்து அனுப்பிக்கிடுதேன்." சரி என்றேன். இதற்கு மட்டும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கிளம்பும் நாளில் காதர் பாய் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்தார். மகளுக்கு அவரே தைத்த கல்யாண ரவிக்கை. அளவு இரண்டு வருடத்துக்கு முந்தியது. மீதியைக் கண்ணளவில் கூட்டித் தைத்திருந்தார்.

திருநெல்வேலி ஜங்ஷனில் விடிந்ததும் இறங்கினேன். வண்ணார்பேட்டை லாட்ஜ் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "போலாமுங்களா" என்று கேட்டது குற்றம்.

"கோயம்புத்தூரா? சொல்லிட்டேன் பாத்தியளா! அல்வா வாங்கியாச்சா?"

"இப்பத்தானுங்களே ரயில்ல இருந்து இறங்குனேன்."

"அதனால என்ன, வாங்கிட்டே போலாம்லா?"

அல்வாவிலிருந்து பேச்சு தண்ணீருக்குப் போனது. அல்வாவின் ருசியே ஆற்றுத் தண்ணீரால்தான் என்றார். எங்கள் ஊரிலும் சிறுவாணித் தண்ணீர் என்று ஒன்று இருக்கிறது, குடித்துப் பார்த்திருக்கிறீர்களா என்று நானும் விடவில்லை. "அது குழாயில வருது. இது ஆத்துல ஓடுது. நீங்களே சொல்லுங்க" என்றார். எங்கள் ஊரில் சாக்கடையாகிப்போன நொய்யல் ஆற்றை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

லாட்ஜுக்கு எதிரே இருந்த கடையில் ரசவடை சாப்பிட்டேன். ரசத்தில் ஊறிய வடையைக் காலை ஏழு மணிக்கு உண்ணும் ஊரைப் பற்றி எனக்கு முன்பே யாரும் சொல்லவில்லையே என்று வருத்தமாக இருந்தது. இரண்டு முறை வாங்கினேன். பரிமாறியவர் மூன்றாவதையும் கேட்காமலே வைத்துவிட்டுப் போனார்.

அன்று வேலை இல்லை. இரண்டு கேமராவையும் குறுக்குத்துறைப் படித்துறைக்குக் கொண்டுபோனேன். முதலில் பெரியதை எடுத்தேன். சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "ஏலே, டிவிக்காரவ வந்திருக்காவ!" என்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான். துண்டைக் கட்டிக்கொண்டு நாலு பேர் வந்துவிட்டார்கள். "அங்கன வாங்கம்மா, சாக்கடை எங்கன வந்து விழுகுன்னு காட்டுதோம். அத எடுத்துப் போடுங்க." நான் டிவி இல்லை என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கரையோரமாகவே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். கறுப்பாகத்தான் விழுந்தது. எடுத்தேன். என்னால் ஆகக்கூடியது எதுவுமில்லை என்று தெரிந்தும் எடுத்தேன்.

அரைமணி நேரம் கழித்துச் சின்னதை எடுத்தபோது யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒருவர் தலை துவட்டினார், ஒரு பெண் துணியைக் கல்லில் அடித்தாள், தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. நோட்டில் பெரியதுக்கு நேரே "ஊர்ப் புகார் வரும்" என்று எழுதினேன்.

மறுநாள் மேலப்பாளையம். அன்று சந்தை நாள் என்பது எனக்குத் தெரியாது. பஸ் ஆடுகளுக்கு நடுவில் போய் நின்றது. முன்னால் ஆடு, பின்னால் ஆடு, பக்கத்தில் ஆடு ஏற்றிய வண்டி. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார். ஷார்ஜாவில் ஒரு நிமிடம் தாமதித்தாலே பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள். இங்கே எல்லாரும் ஆட்டுக்குப் பல் பார்ப்பதை வேடிக்கை பார்த்தார்கள். இறங்கி நடந்தேன். ஒரு கிடா என் கேமரா வாரைப் பிடித்து மெல்லத் தொடங்கியது. அதை இழுத்த வியாபாரி, "தோலுன்னா அண்ணாச்சி விடமாட்டாவ" என்று கிடாவைக் காட்டிச் சொன்னார்.

ஜுலைகா வீட்டில் முன்னறையில் ஏழெட்டுப் பெண்கள் மருதாணிக்கு உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் பீடி இலை முறம் துணி போட்டு மூடியிருந்தது. ரவிக்கைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஜுலைகா பிரித்து, தையலை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு நான் பெரிய கேமராவை வெளியே எடுத்தேன். பேச்சு நின்றது. முந்தானைகளும் துப்பட்டிகளும் தலைக்கு மேல் வந்து, முகத்துக்கும் வந்தன. லென்ஸ் வழியே பார்த்தால் அறை முழுக்கத் துணி. ஜுலைகாவின் தங்கை மும்தாஜ் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். "யக்கா, அது என்ன பீரங்கி மாரி! எங்களச் சுடப்போறியளா?"

அதை வைத்துவிட்டுச் சின்னதைக் காட்டினேன். மும்தாஜ் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இது கொள்ளாம். இது எடுத்தா எடுத்த மாரியே இல்ல." பத்து நிமிடத்தில் துணிகள் இறங்கின. யாரோ கல்யாணப் பெண்ணின் உள்ளங்கையில் மாப்பிள்ளை பெயரைப் பொடியாக எழுதி ஒளித்தார்கள். அடுத்தவள் அதைத் தேடினாள். எல்லாம் படமானது. அந்தக் கணமே சின்னதை முடிவு செய்திருக்கலாம். எடுத்த படங்களைப் போட்டுப் பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் கன்னத்தில் மணல். மறுபடியும் பழைய குழப்பம்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். மாடிப்படி வாசலில் இரண்டு மாமிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் செல்போனை வாங்கிக் கூடையில் போட்டார்கள். என்னையும் நிறுத்தினார்கள். "நம்ம ஆளுதான், விடுங்க" என்று உள்ளிருந்து ஜுலைகா குரல் கொடுத்தார். நம்ம ஆளு என்ற சொல்லை வைத்துக்கொண்டு அன்று முழுக்க நடமாடினேன்.

கீழே நிக்காஹ் முடிந்த சத்தம் ஒலிபெருக்கியில் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ரிஸ்வானாவின் கழுத்தில் கருகமணியைக் கட்டினார். ஜன்னல்களுக்குத் திரை போட்டிருந்ததால் மாடி மங்கல். அங்கே சின்னது கைவிட்டுவிட்டது, பெரியதுதான் வேலை செய்தது. இதற்குள் பெண்களுக்கும் பீரங்கி பழகிவிட்டது.

சாப்பாட்டுக்கு முன் ரிஸ்வானா என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். "வாப்பாட்ட நான் பேசணும். வீடியோ எடுக்கியளா?" பெரிய கேமராவை நாற்காலியில் நிறுத்தி, ஓடவிட்டேன். நெற்றிச்சுட்டியைச் சரிசெய்துகொண்டு நேராக லென்ஸைப் பார்த்தாள்.

"வாப்பா, நான் நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். நீங்க தச்சதுதான் போட்டிருக்கேன். எல்லாரும் எந்தக் கடையில தச்சதுன்னு கேட்டாவ. கை மட்டும் கொஞ்சம் இறுக்கம் வாப்பா. சொல்லாதன்னு உம்மா சொன்னாவ. நான் சொல்லிட்டேன்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "நீங்க வாரப்ப பிரிச்சுத் தாங்க. அதுவரைக்கும் நான் வேற யாருட்டயும் கொடுக்க மாட்டேன்." கேமராவுக்குப் பின்னால் நின்று நானும் அழுதேன். என் அப்பா போய் ஆறு வருடம்.

ஒரே தாம்பாளத்தில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். நெய்ச்சோறு, தால்ச்சா, கறி. முன்பின் தெரியாத மூன்று பெண்கள் நல்ல துண்டங்களையெல்லாம் என் பக்கம் தள்ளினார்கள். எங்கள் ஊர்ப் பந்தியில் பக்கத்து இலைக்குச் சோறு சிந்தினாலே முறைப்பார்கள். இங்கே பக்கத்து இலை என்று ஒன்று கிடையாது.

கிளம்பும்போது இரண்டு கேமராவிலும் கார்டைக் கழற்றினேன். ஜுலைகா ஒரு கம்மல் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே பஞ்சு. இரண்டு கார்டையும் அதில் வைத்து மூடி, பீரோவில் பூட்டினார். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டிய" என்று என் கையைப் பிடித்தார். நல்ல மனுஷி என்று பேர் வாங்கிய திருப்தியோடு லாட்ஜுக்குப் போய்த் தூங்கினேன்.

நான்காம் நாள் எனக்கே எனக்கு. ரயில் மறுநாள்தான். பெரிய கேமராவை வெயிலில் ஒருமுறை பார்த்துவிட்டால் முடிவு வந்துவிடும் என்று செங்கோட்டைப் பக்கம் போகும் காலை ரயிலேறி ஆழ்வார்குறிச்சியில் இறங்கினேன். மலை கைநீட்டும் தூரத்தில். வாய்க்கால் நிறையத் தண்ணீர். ஒரு வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது.

"என்ன தாயி எடுக்கிய?" என்று வரப்போரம் நின்ற ஒரு பெண் கேட்டார். பெயர் பேச்சியம்மா என்று பிறகு சொன்னார். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வரை சேறு.

"உங்களைத்தானுங்க."

"எடுத்தா காட்டணும். காட்டாமப் போனா விட மாட்டேன்."

நாலைந்து எடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து காட்டினேன். அவர் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை போல படத்தை நகர்த்தும் சக்கரத்தைத் தானே உருட்டினார். தவறான பக்கம் உருட்டிவிட்டார். நடவு வயல் போய், நெற்றிச்சுட்டியோடு ரிஸ்வானா வந்தாள்.

"இது யாரு, புதுப்பொண்ணா? எந்த ஊரு மவராசி! இம்புட்டு அழகா இருக்கா!"

கேமராவைப் பிடுங்கி ஆஃப் செய்தேன். கார்டு மூடியைத் திறந்து பார்த்தேன். முதல் பள்ளம் காலி. காலையில் புதுக் கார்டு போடவே மறந்திருக்கிறேன். பிறகு எப்படி இது படமெடுத்தது? இரண்டாம் பள்ளத்தில், கறுப்புக்குள் கறுப்பாக, ஷைனி எப்போதோ போட்டுவைத்த கார்டு உட்கார்ந்திருந்தது. ஒன்று கெட்டாலும் இன்னொன்றில் அதே படம் இருக்கும். நானே எழுதி, நானே அடிக்கோடு போட்டது. மூன்று வருடமாகச் சின்னதில் ஒற்றைக் கார்டையே கழற்றிப் பழகிய கை ஒன்றோடு நின்றுவிட்டது.

அந்த மாடியில் துணி விலக்கிய அத்தனை பேரும் நேற்றிலிருந்து என் தோளில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் ரயிலில் வந்திருக்கிறேன். டீக்கடையில் பையை வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறேன்.

அழித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கு அரை நிமிடம் போதும். யாருக்கும் தெரியாது. மெனுவுக்குள் போனேன். எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரை கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். ஆம் என்பதன்மேல் விரல் நின்றது. அழித்தால் நான் சொன்ன சொல் உண்மையாகிவிடும். அழிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தால் நேற்று நான் வாங்கிய நல்ல பேர் பொய் என்று ஆகிவிடும். ஆனால் அழித்துவிட்டு, என் கையைப் பிடித்த ஜுலைகாவை நான் ஆயுசுக்கும் எப்படி நினைப்பது? விரல் இங்குமங்கும் ஆடியது. எப்போதும்போல எனக்கு முடிவெடுக்க வரவில்லை. கேமராவை அப்படியே அணைத்துப் பைக்குள் போட்டேன்.

"என்ன தாயி, மொகம் வெளிறிப் போச்சு? தண்ணி குடிக்கியளா?" என்றார் பேச்சியம்மா. தூக்குச்சட்டியில் இருந்த உளுந்தஞ்சோற்றையும் எள்ளுத் துவையலையும் மூடியில் வைத்து நீட்டினார். அப்பேர்ப்பட்ட சோற்றை நான் ருசியறியாமல் விழுங்கினேன் என்பது இன்றும் ஆறாத குறை.

திரும்புகிற ரயிலுக்கு வெகுநேரம் இருந்தது. பஸ் ஏறினேன். போனை எடுத்துப் பார்த்தால் ஜுலைகாவிடமிருந்து ஏழு தவறிய அழைப்புகள். தெரிந்துவிட்டது. எப்படி? பேச்சியம்மாவுக்கும் ஜுலைகாவுக்கும் ஏதாவது தொடர்பு இருக்குமோ என்றுகூட மூளை போனது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது பஸ் இன்ஜினைவிடச் சத்தமாகக் குறுகுறுத்தது. திருப்பிக் கூப்பிடத் தைரியம் இல்லை. நேரில்தான் சொல்ல வேண்டும்.

பத்தமடைக்குப் பக்கத்தில் டயர் பஞ்சர். "எல்லாரும் பைய இறங்குங்க, அடுத்த வண்டியில ஏத்தி விடுதேன்" என்றார் கண்டக்டர். எல்லாரும் புளியமர நிழலில் நின்று கதை பேசினார்கள். நான் மட்டும் ரோட்டுக்கும் மரத்துக்குமாக நடந்தேன். "எதும் மௌத்தாம்மா?" என்று ஒரு பெரியவர் இரக்கத்தோடு கேட்டார். சாவு ஒன்றும் இல்லை என்றேன். "அப்பம் ஏன் இந்த நடை நடக்கிய? உக்காருங்க." உட்கார்ந்தேன். அரைமணி கழித்து அடுத்த பஸ் வந்தது.

மேலப்பாளையம் வீட்டுக்கதவைத் தட்டியபோது மணி நாலு. ஜுலைகா திறந்தார். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. பின்னால் மும்தாஜ் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை.

"என்னை மன்னிச்சிருங்க" என்றேன் நான்.

"எங்கள மன்னிச்சிருங்கம்மா" என்றார் ஜுலைகா, அதே மூச்சில்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர்தான் முதலில் சொன்னார். காலையில் படம் பார்க்கும் ஆசையில் மும்தாஜ் பெரிய கேமராவின் கார்டை மகளின் கார்டு ரீடர் வழியாகப் போனில் மாட்டியிருக்கிறார். போன் இங்கிலீஷில் என்னமோ கேட்டது. கார்டு சரியில்லை, சரிபண்ணவா என்று கேட்பதாக நினைத்து சரி என்று அமுக்கியிருக்கிறார். சரிபண்ணி முடித்தபோது கார்டில் ஒன்றுமே இல்லை. கருகமணி கட்டியது இல்லை. ரிஸ்வானா பேசியது இல்லை.

"கடையில கொடுத்தா திருப்பி எடுத்துரலாமாம். அவன் பூராத்தையும் உக்காந்து பாத்துருவாம்லா? எப்படிக் கொடுக்க? நீங்க எடுத்துத் தர முடியுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். ரிஸ்வானா மாப்பிள்ள வீட்டுல இருக்கா, அவளுக்கு இன்னும் சொல்லல. அவ வாப்பா அங்கேர்ந்து ரெண்டு தடவ கேட்டுட்டாவ, புள்ள பேசினது எங்கன்னு." மும்தாஜ் முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டார்.

நான் பையைத் திறந்து, கேமராவை எடுத்து, அந்தக் கார்டை உருவி ஜுலைகாவின் உள்ளங்கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கார்டு, என் மறதி, ஆழ்வார்குறிச்சி, அழிக்கப் போனது வரை. அழிக்கப் போனதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லாவிட்டால் சோறு இறங்காது.

ஜுலைகா உடனே சந்தோஷப்படவில்லை. கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாராவது பாத்தாவளா?"

"ஒருத்தர். நடவு நட்டுட்டிருந்த ஒரு அம்மா. ரிஸ்வானாவை மட்டும்."

"என்ன சொன்னா?"

"எந்த ஊரு மவராசி, இம்புட்டு அழகா இருக்காளேன்னு கேட்டாங்க."

ஜுலைகாவின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "பொம்பளைதான. போட்டும். கண்ணுபடாம இருக்க ஒரு துஆ செஞ்சிருவோம்." மும்தாஜ் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் கேமரா விலா எலும்பில் குத்தியது. அப்போதுதான் காலையிலிருந்து நான் சரியாக மூச்சே விடவில்லை என்று தெரிந்தது. முடிவெடுக்கத் தெரியாததால் என் வாழ்க்கையில் ஒரு நல்லது நடந்திருக்கிறது என்றால் அது இதுதான்.

மும்தாஜின் மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் அவள் லேப்டாப்பில் பார்த்தோம். எல்லாம் இருந்தது. ரிஸ்வானா "கை மட்டும் கொஞ்சம் இறுக்கம்" என்றதும், "சொல்லாதன்னு சொன்னேன், சொல்லிட்டா பாருங்க" என்று ஜுலைகா தலையில் அடித்துக்கொண்டார். கணவர் பார்க்கலாம் என்பதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி ஒரு பென் டிரைவில் போட்டார். மற்றப் பெண்கள் இருந்த படம் ஒன்றுகூடப் போகவில்லை. லேப்டாப்பில் எதுவும் தங்கவில்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு அந்தப் பென் டிரைவை ஒரு துண்டுத் துணியில் வைத்து நாலு பக்கமும் தைத்து என்னிடம் தந்தார். தையல்காரர் வீடு அல்லவா.

"இன்னொரு பொந்து கிந்து இருக்கா அதுல?" என்று மும்தாஜ் கேமராவைக் காட்டிக் கேட்டார். திறந்து இரண்டு பள்ளத்தையும் விரல் வைத்துக் காட்டினேன். சின்னதையும் திறந்து காட்டினேன். அதில் ஒரே பள்ளம்.

ஷார்ஜாவுக்கு வந்ததும் பெரிய கேமராவை ஷைனியிடம் திருப்பிக் கொடுத்தேன். நான் இவ்வளவு சீக்கிரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததை அவளால் நம்ப முடியவில்லை.

"கிறுக்கா உனக்கு? ரெண்டு கார்டுதானே அந்தக் கல்யாணத்தையே காப்பாத்துச்சு?"

உண்மைதான். சின்னதில் ஒருநாள் ஒரு கார்டு கெட்டுப்போகும். அன்றைக்கு அந்த வீட்டில் போய் நின்று, போய்விட்டது என்று சொல்லி அழுவேன். அதை என்னால் சொல்ல முடியும். என்னிடம் இல்லை என்று சொன்ன ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் பத்தமடை ரோட்டில் நடக்க மட்டும் முடியாது. மங்கலான மண்டபத்துக்கு ஒரு நல்ல லைட் வாங்கிக்கொள்ளலாம். மூன்று வருடம் லைட் பிடித்தவள்தானே நான்.

காதர் பாய் தன் கத்தரியால் துணித் தையலைப் பிரித்தார். கடையில் வேறு யாருமில்லை. என் லேப்டாப்பில் பென் டிரைவைச் சொருகி அவர் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, நான் வாசலைப் பார்த்து நின்றுகொண்டேன். ரிஸ்வானாவின் குரல் சுத்தமாகக் கேட்டது. கை இறுக்கம் என்ற இடத்தில் அவர், "அரை இஞ்சு விட்டிருக்கணும்... அரை இஞ்சு" என்றார். பிறகு தையல் மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மூன்று தடவை பார்த்தார்.

பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு கேட்டார். "ஏம்மா, இது தொலைஞ்சு கிலைஞ்சு போச்சுன்னா... உங்கட்ட ஒரு காப்பி கெடக்குமா?"

"இல்லைங்க பாய். எங்கிட்ட ஒண்ணுமே இல்லை."

அவர் நெஞ்சில் கைவைத்து, நெடுநேரம் அடக்கியிருந்த மூச்சை விட்டார். "அல்ஹம்துலில்லா" என்றார். நானும் விட்டேன்.